மகனைக் கேட்டு நின்ற தகப்பன்

நண்பர்களே, வணக்கம். ஈச்சர வாரியர் எழுதிய ‘ஒரு தந்தையின் நினைவுக் குறிப்புகள்’ பற்றிப் பேசச் சொன்னீர்கள். நெருக்கடி நிலை என்றதும் பலரும் எடுத்துக்காட்டும் புத்தகம் இது. எனக்கோ இது முதலில் ஒரு தகப்பனின் புத்தகம். பிள்ளை போய்விட்டான் என்று வாய்விட்டு அழக்கூட வழியில்லாத தகப்பன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1976 மார்ச் 1 அதிகாலை, கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவன் ராஜனைப் போலீஸ் பிடித்துப்போனது. கக்கயம் போலீஸ் முகாமில் உலக்கையை உடம்பின்மேல் உருட்டி வதைத்தார்கள். உயிர் போய்விட்டது.

ராஜனின் அப்பாதான் வாரியர். இந்திப் பேராசிரியர். கல்லூரி முதல்வரின் கடிதம் பார்த்துத்தான் அவருக்கு விஷயமே தெரிகிறது. அன்றிலிருந்து முகாம் வாசல், அமைச்சர் வீடு, மனு மேல் மனு. கோர்ட்டுக்குப் போகவும் வழியில்லை. பிடித்துப்போனவரைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனுவுக்கு நெருக்கடி நிலையில் இடமில்லை என்று அந்த ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 1977 மார்ச்சில் நெருக்கடி நிலை முடிந்ததும் கேரள உயர் நீதிமன்றம் போனார். ராஜனைப் பிடிக்கவே இல்லை என்றது அரசு. நீதிபதிகள் நம்பவில்லை. நெருக்கடி நிலையில் உள்துறை அமைச்சராக இருந்து, அப்போதுதான் முதல்வராகியிருந்த கருணாகரன் ஒரே மாதத்தில் பதவி விலகினார். அப்புறம்தான் ராஜன் காவலில் இறந்ததை அரசு ஒப்புக்கொண்டது.

சரி, தகப்பனுக்கு என்ன கிடைத்தது? கொள்ளி வைக்க உடல்கூட இல்லை.

ராத்திரியில் ஒரு ஆளுக்கான சோறு எடுத்துவைக்கச் சொல்வாராம் வாரியர். வாழையிலையும் தயாராக இருக்க வேண்டும். பையன் எந்நேரமும் பசியோடு வந்து நிற்கலாம் இல்லையா! வாசல் கதவைப் பூட்டுவதில்லை. நாய் குரைத்தால் காது அங்கே போய்விடும். நம்மிடம் பதினாறாம் நாள் காரியம் உண்டு, வருஷா வருஷம் திதி உண்டு. அழுவதற்கு நாள் குறித்துக் கொடுக்கிறோம். பிள்ளை வந்துவிடுவான் என்று சோறு எடுத்துவைப்பவர் எந்த நாளில் அழுவார்? நம்பிக்கை இவ்வளவு கொடுமையானதா என்று அங்கே எனக்குத் தோன்றியது.

தாய் ராதாவின் மனநலம் குலைந்துபோயிருந்தது. மகன் இல்லை என்று அவரிடம் சொல்லவே இல்லை. எங்கே என் பிள்ளை என்று கேட்கும்போதெல்லாம் கணவர் எதையாவது சொல்லிச் சமாளிக்கிறார். 2000-ல் ராதா கண்மூடும்வரை இப்படித்தான். பெற்றவளோடு சேர்ந்து அழ முடியாமல் ஒரு மனிதர் இத்தனை வருஷம் இருந்திருக்கிறார். இந்தப் பகுதியை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடிந்ததில்லை.

புத்தகத்தில் கோபம் ஆறவே இல்லையே, மன்னித்திருக்கலாமே என்கிறார்கள் சிலர். நான் வாரியர் பக்கம்தான். போலீஸ் அதிகாரிகள் மேல் வழக்கு நம் கோவையில்தான் நடந்தது. கிடைத்த தண்டனையும் சொற்பம். மேல்முறையீட்டில் அதுவும் நிற்கவில்லை. என் பிள்ளையின் உடலை என்ன செய்தீர்கள் என்றுதான் அவர் கேட்டார். அதற்குப் பதில் சொல்லாதவர்களை அவர் ஏன் மன்னிக்க வேண்டும்? 2006-ல் சாகும்வரை அவர் அந்தக் கேள்வியை விடவில்லை.