ஷிங்கிள் பறக்கிறதா? முதலில் ஆணியைப் பாருங்கள்

வணக்கம் மக்களே. கூரை மேலிருந்து பேசுகிறேன், காற்றுச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். கூரை மேல் வரிசை வரிசையாக ஆணி அடித்துப் பதிக்கிற தார்த் தகடுதான் ஷிங்கிள். எந்தக் கம்பெனி ஷிங்கிள் நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறீர்கள். எவ்வளவு நல்ல ஷிங்கிள் வாங்கினாலும் ஆணி இடம் மாறி இறங்கினால் அந்தக் காசு வீண்தான்.

கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். இது இரண்டு அடுக்கு லாமினேட் ஷிங்கிள். குறுக்கே ஓடுகிறதே, இதுதான் ஆணிக்கோடு, ஆணி இறங்க வேண்டிய இடம். ஓரத்தைத் தூக்குகிறேன், பாருங்கள். இரண்டு அடுக்கும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒட்டியிருப்பது இந்தக் குறுகிய பட்டையில் மட்டும்தான். ஆணி இதில் இறங்கினால் இரண்டு அடுக்கையும் பிடிக்கும், அடியில் இருக்கிற முந்தைய வரிசையின் மேல் விளிம்பையும் சேர்த்துப் பிடிக்கும். ஆக, நான்கு ஆணி அடித்த ஷிங்கிளை, அதற்கு மேல் வரிசையின் ஆணிகளையும் சேர்த்து எட்டு ஆணி பிடித்திருக்கும். கோட்டுக்கு மேலே அடித்தால் இந்தப் பிடி போச்சு. சரிவு அதிகமான கூரையில் கீழ் அடுக்கு தனியாகக் கழன்று வழுக்கி இறங்கும். ரொம்பக் கீழே அடித்தாலோ தலை வெளியே தெரியும், அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும்.

2022 மே 21 அன்று கனடாவின் ஒன்ராறியோவில் அடித்த புயல்காற்று ஞாபகம் இருக்கும். சில இடங்களில் மணிக்கு 190 கிலோமீட்டர் வரை போனது. அந்த மாதிரிக் காற்றில் ஒழுங்காக அடித்த ஷிங்கிளும் பறக்கலாம். ஆனால் சாதாரணக் காற்றுக்கே உங்கள் முற்றத்தில் ஷிங்கிள் வந்து விழுந்தால், எடுத்துப் பாருங்கள். ஆணித் துளை கோட்டுக்கு மேலே இருந்தால் காரணம் கையிலேயே கிடைத்துவிட்டது.

அடுத்தது ஆழம். ஆணித்தலை ஷிங்கிளின் மேற்பரப்போடு சமமாக உட்கார வேண்டும். நெயில் கன், அதாவது காற்றழுத்தத்தில் ஆணி அடிக்கிற துப்பாக்கி, அதன் அழுத்தத்தைக் காலைக் குளிரில் சரிபார்த்துவிட்டு அப்படியே விடுவது பெரிய தப்பு. மதிய வெயிலில் ஷிங்கிள் இளகியதும் அதே அழுத்தத்தில் தலை உள்ளே வெட்டிக்கொண்டு போகும். அப்படிப் போனால் துளையைக் கூரைத் தாரால் அடைத்துவிட்டுப் பக்கத்தில் புது ஆணி அடியுங்கள். தலை தூக்கி நின்றால் சுத்தியலால் தட்டினால் போதும். விட்டுவிட்டால் மேலே வரும் ஷிங்கிள் படியாது, ஒட்டாது. சாய்ந்து இறங்கிய ஆணியும் ஒரு பக்கம் வெட்டும், அதனால் துப்பாக்கியை நேராகப் பிடியுங்கள்.

ஆணி கால்வனைஸ்டாக (துத்தநாகப் பூச்சு உள்ளதாக) இருக்கட்டும், தலை குறைந்தது 3/8 அங்குலம். ஸ்டேப்ளர் பின் வேண்டவே வேண்டாம். அடியில் 7/16 அங்குல ஓஎஸ்பி (மரச்சீவல்களை ஒட்டி அழுத்திய) பலகை என்றால் ஆணி நுனி மறுபக்கம் 1/8 அங்குலமாவது வெளியே வர வேண்டும். அட்டிக்குக்குள், அதாவது கூரைக்கு அடியில் இருக்கிற இடத்துக்குள், டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும்.

ஷிங்கிளின் பக்க ஓரத்திலிருந்து ஒரு அங்குலம் உள்ளே தள்ளித் தொடங்குங்கள். காற்று அதிகமான இடம், செங்குத்தான சரிவு என்றால் நான்குக்குப் பதிலாக ஆறு ஆணி. ஷிங்கிள் கட்டின் உறையில் படம் போட்டுச் சொல்லியிருப்பார்கள், பிரித்ததும் தூக்கிப் போடாதீர்கள்.

குளிர்காலத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒரு விஷயம். ஷிங்கிளின் அடியில் இருக்கிற ஒட்டுப்பட்டை வெயில் சூட்டில்தான் பிடிக்கும். டிசம்பரில் அந்தச் சூடு கிடைக்காது. அதனால் ஒவ்வொரு ஷிங்கிளுக்கு அடியிலும் 25 சத நாணய அளவில் கூரைத் தார் வைத்து, கையால் அழுத்தி ஒட்டிவிட்டு இறங்குங்கள்.