நாலு அதிகாரி, ஒரே வராந்தா

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, குலசேகரத்துப் பெரியவர்களே, வணக்கம்.

‘மலையோரப் பள்ளிகளுக்கு மக்கள் பிரதிநிதி ஒரு நாள் வந்து போவது பலனா, பகட்டா?’ பலன்தான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணன், மாலை, போட்டோ, ஒரு சாயா, அப்புறம் கார் ஏறிவிடுவார் என்று நடித்தே காட்டினார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன்.

காமராஜரையும் இழுத்தார். பட்டிமன்றத்தில் அவரை இழுக்காவிட்டால் மைக் வேலை செய்யாதே! ஆனால் 1969-ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் அவரை ஜெயிக்க வைத்து டெல்லிக்கு அனுப்பியவர்கள் நாம். அவர் மாதிரி இப்போது யாரும் இல்லை என்றால் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஊர் ஊராகப் போனதும் அவர்தானே?

பேச்சிப்பாறை அணை 1906-ல் கட்டி முடிந்தது. அந்தத் தண்ணீரில் கீழே வயல் விளைகிறது. அதே தண்ணீர்தான் அக்கரையில் காணிக்காரப் பழங்குடிப் பிள்ளைகளுக்குக் குறுக்கே கிடக்கிறது. அங்கே ஒரு துவக்கப் பள்ளியில் ஆறு வருடம் டீச்சராக இருந்தேன். ஐந்தாவது முடித்த பிள்ளை ஆறாவதுக்கு வள்ளம் ஏறித்தான் இக்கரைக்கு வர வேண்டும். இரண்டு பருவமழையும் கொட்டுகிற மாவட்டம் நம்முடையது. வள்ளம் வரும்வரை பிள்ளைகள் புத்தகப் பையைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு மழையில் நிற்கும்.

பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானம் போட்டு அனுப்பினால் போதாதா என்றார் அண்ணன். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். போட்டோம் அண்ணா, நோட்டே நிறைந்தது. ஆனால் அங்கே காடு ஒருவர் பொறுப்பு, தண்ணீர் இன்னொருவர் பொறுப்பு, பள்ளி மூன்றாமவர், மின்கம்பம் நாலாமவர். ‘இது எங்களுக்கு வராது’ என்று நாலு கடிதம் வந்தது. நாலும் உண்மை. அதுதான் வயிற்றெரிச்சல்!

அப்புறம் ஒரு நாள் ஒரு மக்கள் பிரதிநிதி வந்தார். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், கூட்டம் கலைந்துவிடும். ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லி பன்னிரண்டரைக்கு வந்தார். நடுவழியில் வள்ளத்தின் மோட்டார் நின்றுபோய், துடுப்புப் போட்டு வந்திருக்கிறார்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. நாலு துறை அதிகாரிகளும் பின்னாலேயே இறங்கினார்கள். அவர்களும் நனைந்திருந்தார்கள். மரச்சீனியும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் கொடுத்தோம். போட்டோவும் எடுத்தார்கள், மறைக்கவில்லை.

இங்கே ஒரு ரோடு போட முடியாதா என்று பிரதிநிதி கேட்டார். ஒரு அதிகாரி, ‘காட்டு நிலம் சார், முடியாது’ என்றார். குடியிருப்புப் பையன் ஒருவன், ரப்பர் பால் வெட்டப் போகிறவன், எழுந்து நின்றான். 2006 வன உரிமைச் சட்டத்தில், பள்ளி, ரோடு, குடிநீர்க் குழாய் மாதிரி தேவைகளுக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான இடத்தை, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், கிராம சபை பரிந்துரைத்தால் கொடுக்கலாமே சார் என்றான். அதிகாரி பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் அடுத்தவரைப் பார்த்தார். அதற்கு மேல் பார்க்க ஆள் இல்லை, நாலு பேரும் ஒரே வராந்தாவில் அல்லவா உட்கார்ந்திருந்தார்கள்! தபாலில் இது நடக்குமா அண்ணா?

ஒரு நாலாம் வகுப்புக் குட்டி மனு எதுவும் நீட்டவில்லை. ‘சார், போகும்போது மழை வந்தா எங்கே நிப்பீங்க?’ என்று மட்டும் கேட்டாள். அவர் கரையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒதுங்க ஒரு கீற்று கூட இல்லை.

ரோடு இன்னும் வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஃபைல் நகர்கிறது என்கிறார்கள். வந்தவர் மறுபடி வரவும் இல்லை. ஆனால் எட்டு மாதத்தில் அக்கரையில் ஒரு தகரக் கூரையும் சிமென்ட் பெஞ்சும் வந்தன.

நாளைக்குத் திங்கட்கிழமை. காலை எட்டு மணிக்கு அந்தக் கூரைக்குக் கீழே பிள்ளைகள் பையோடு உட்கார்ந்திருக்கும். தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் நடுவர் ஒருதடவை வந்து பார்க்கலாம், அண்ணனையும் கூட்டிக்கொண்டு. வள்ளக்கூலி நான் தருகிறேன்.