ஆயிரம் ரூபாய்க்குள் எந்தப் பழந்தமிழ் நூல்களை வாங்கலாம்?

பாம்பனிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "ஐயா, தடைக்காலம் 61 நாளும் படகு கரையில் நிற்கும்போதுதான் படிக்க நேரம் கிடைக்கிறது, அப்போது பார்த்துக் கையில் காசு இருப்பதில்லை. ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்தான் ஒதுக்க முடியும் என்றால் பழந்தமிழ் நூல்களில் எவற்றை வாங்குவது?" இந்தக் கேள்வியைப் படித்த பிறகு இன்று வேறு எதையும் பேச எனக்கு மனம் வரவில்லை.

தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு என் விடை தெரிந்திருக்கும்: மூலத்துக்குக் காசு கொடுக்காதீர்கள், உரைக்குக் கொடுங்கள். சங்க நூல்களின் மூலம் மதுரைத் திட்டத்தின் (Project Madurai) இணையதளத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்திலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பழைய உரைகள் சிலவும் அங்கே உண்டு என்றாலும், முன்னும் பின்னும் புரட்டிப் படிக்க வேண்டிய உரையைக் கைப்பேசியில் படிப்பது பெரும் எரிச்சல்.

ஆகவே முதலில் திருக்குறளைப் பரிமேலழகர் உரையோடு வாங்குங்கள். அது கடினமாக இருந்தால் மு. வரதராசனாரின் தெளிவுரையைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். கையடக்கமானது, விலையும் குறைவு. அடுத்தது குறுந்தொகை. உ.வே.சாமிநாதையர் 1937இல் தம் உரையோடு வெளியிட்ட பதிப்பின் மறு அச்சு கண்ணில் பட்டால் யோசிக்கவே வேண்டாம். தள்ளுபடியில் தருகிறார்கள் என்று எட்டுத்தொகை முழுவதையும் ஒரே மூச்சில் வாங்கி அலமாரியில் அடுக்குவது நம் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகாது. நம் கரையில் பின் அடித்த புத்தகமும் நிலைக்காது. உப்புக்காற்றில் கம்பி துருவேறி நடுத்தாள் கழன்று கையோடு வந்துவிடும். கடையிலேயே நடுப்பக்கத்தை விரித்து, நூல் தையல் தெரிகிறதா என்று பாருங்கள்.

அச்சுப்பிழையையும் பார்க்க வேண்டும். 1901இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவிய நம் பாண்டித்துரைத் தேவர், எதுகை மோனையைத் திருத்துவதாக எண்ணி ஒருவர் குறளை மாற்றி அச்சிட்ட படிகளையெல்லாம் விலை கொடுத்து வாங்கித் தீயிட்டார் என்று சொல்வார்கள். அவருக்கு வசதி இருந்தது. நாம் வாங்குவதற்கு முன்பே, மனப்பாடமாகத் தெரிந்த நான்கு குறள்களை அந்தப் பதிப்பில் தேடிப் படித்துப் பார்த்துவிட வேண்டும். மூலத்தில் கோட்டை விட்ட பதிப்பகத்தை உரையில் மட்டும் எப்படி நம்புவது?

உண்மையில், பாம்பன்காரர் என்னிடம் கேட்டிருக்க வேண்டியது நம் கடற்கரையைப் பாடிய பாட்டு எந்த நூலில் இருக்கிறது என்பதைத்தான். அகநானூற்றின் 70ஆம் பாட்டில் பரதவர்க்கு வேட்டை நன்றாக வாய்த்து, வலையைப் பாராட்டி, கொழுத்த அயிலை மீனைப் பகுத்துக் கொடுக்கிறார்கள். தலைவியின் திருமணம் உறுதியானதும் ஊராரின் அலர், அதாவது வம்புப்பேச்சு, அடங்கிவிடுகிறது. கோடி என்னும் கடல்துறையில் இராமன் மறைவாக ஆலோசனை செய்தபோது பறவைகளின் ஒலி அடங்கிய ஆலமரத்தைப் போல அடங்கியது என்று தோழி சொல்கிறாள். அந்தக் கோடி நம் தனுஷ்கோடிதான். இதற்காக அகநானூறு முழுவதையும் வாங்க வேண்டியதில்லை. வேங்கடசாமி நாட்டாரும் வேங்கடாசலம் பிள்ளையும் உரை எழுதிய பதிப்பு மூன்று பகுதிகளாக வந்தது. முதல் 120 பாட்டுகள் அடங்கிய களிற்றியானை நிரை மட்டும் தனியாகக் கிடைத்தால், இந்த ஆண்டு குறுந்தொகையைத் தள்ளிவைத்துவிட்டு அதை வாங்குங்கள்.