டூம் தரையில் இருந்த படத்தை யார் துடைத்தது?

வணக்கம். வந்திருந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்திருந்தேன். மூன்று வரிக் கேள்விதான், ஆனால் மூன்று வரியில் பதில் சொல்லி முடிக்க முடியாது. நேயர் கேட்கிறார்: ‘சூப்பர் நின்டெண்டோவில் டூம் விளையாட்டை ஓட்டிக்காட்டியதைச் சாதனை என்கிறீர்கள். கார்ட்ரிட்ஜுக்குள் தனியாக ஒரு சிப் வைத்துத்தானே ஓட்டினார்கள், அது கள்ளாட்டம் இல்லையா? அப்படி வைத்தும் தரையில் படம் இல்லை, அரக்கர்கள் முதுகைக் காட்டுவதே இல்லை. ஏன்?’

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: டூம், அரக்கர்களைச் சுட்டு வீழ்த்தும் கணினி விளையாட்டு; சூப்பர் நின்டெண்டோ, தொலைக்காட்சியில் மாட்டி விளையாடும் கன்சோல்; கார்ட்ரிட்ஜ், விளையாட்டை உள்ளே வைத்து அதில் செருகும் பெட்டி. இனி, கள்ளாட்டம் பற்றி முதலில் பேசிவிடுகிறேன். இல்லை என்பதுதான் என் பதில். கார்ட்ரிட்ஜில் ஓடும் கன்சோல் என்றாலே, விளையாட்டோடு சேர்த்து வன்பொருளையும் விற்கலாம் என்று பொருள். அந்தச் செருகுவாய் வழியாக இயந்திரத்தின் தரவுத் தடங்கள் அப்படியே வெளியே வருகின்றன. அதில் என்ன வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம் என்றுதான் வடிவமைத்தவர்களே விட்டிருந்தார்கள். 1992-இல் வந்த சூப்பர் மரியோ கார்ட்டுக்குள்ளும் ஒரு கணக்குச் சிப் இருந்தது. 1993-இல் வந்த ஸ்டார் ஃபாக்ஸில் சூப்பர் எஃப்எக்ஸ் சிப் இருந்தது. டூமில் இருந்தது அதன் அடுத்த பதிப்பு, 21.4 மெகாஹெர்ட்ஸில் ஓடக்கூடியது. அவற்றையெல்லாம் யாரும் கள்ளாட்டம் என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. டூமை மட்டும் சொல்வானேன்?

சரி, அந்தச் சிப் இல்லாமல் முடிந்திருக்காதா? முடிந்திருக்காது. 1993 டிசம்பர் 10 அன்று ஐடி சாஃப்ட்வேர் டூமை வெளியிட்டபோது அது கேட்ட குறைந்தபட்சக் கணினி, 386 செயலியும் 4 மெகாபைட் நினைவகமும் கொண்டது. அந்தக் குறைந்தபட்சத்தில் விளையாடியவர்களுக்குத் தெரியும், அது விளையாட்டே இல்லை, படவில்லைக் காட்சி. திரையைச் சுருக்கிச் சுருக்கித் தபால்தலை அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் நகரும். சூப்பர் நின்டெண்டோவின் செயலியோ மிஞ்சிப்போனால் 3.58 மெகாஹெர்ட்ஸ். நினைவகம் 128 கிலோபைட். அதாவது டூம் கேட்டதில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. விரலுக்கேற்ற வீக்கம் என்பார்கள், இங்கே விரலே இல்லை.

ஆனால் இந்த நினைவக ஒப்பீட்டை அப்படியே நம்பவும் வேண்டாம். கணினியில் படங்களும் வரைபடங்களும் வட்டில் இருக்கும், பயன்படுத்த வேண்டுமானால் நினைவகத்துக்கு ஏற்ற வேண்டும். கார்ட்ரிட்ஜில் அந்த வேலை கிடையாது. படம் கார்ட்ரிட்ஜுக்குள் ரோம் என்ற நிலைநினைவகத்தில் இருக்கும் இடத்திலிருந்தே நேராகப் படித்துக்கொள்ளலாம். எனவே நினைவகம் குறைவு என்பதைச் சமாளிக்க வழி உண்டு. கார்ட்ரிட்ஜின் கொள்ளளவு குறைவு என்பதைத்தான் சமாளிக்க முடியாது. கணினி டூமின் முழுப் பதிப்பில் தரவுக் கோப்பு மட்டுமே 11 மெகாபைட்டுக்கு மேல். கார்ட்ரிட்ஜ் 2 மெகாபைட். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அரக்கர்களின் முதுகைத் தேடும்போது தேவைப்படும்.

இதைச் செய்தவர் ராண்டி லிண்டன், ஸ்கல்ப்சர்ட் சாஃப்ட்வேர் நிறுவனத்தில் இருந்தவர். பலர் கவனிக்காத ஒரு செய்தி உண்டு: டூமின் மூலநிரல் அவர் கையில் இல்லை. போர்ட் என்று சொன்னால், ஏற்கனவே இருக்கும் நிரலை எடுத்துப் புது இயந்திரத்துக்கு ஏற்ற மாதிரி திருத்துவது என்றுதான் நினைப்போம். இவர் தொடக்கத்திலிருந்து தானே ஓர் எஞ்சினை, அதாவது விளையாட்டை இயக்கும் அடிப்படை நிரலை, எழுதினார், ரியாலிட்டி என்று அதற்குப் பெயரும் வைத்தார். டூமின் தரவுக் கோப்பு எப்படி அமைந்திருக்கிறது என்று ஆர்வலர்கள் ஆராய்ந்து எழுதிய ஆவணம் ஒன்று அப்போது உலவிக்கொண்டிருந்தது, அதை வைத்துக்கொண்டு வரைபடங்களையும் படங்களையும் பிரித்தெடுத்தார். சூப்பர் எஃப்எக்ஸுக்கு நிரல் எழுதும் கருவிகளும் அவரிடம் இல்லை. அமிகா கணினியில் அசெம்பிளர், லிங்கர், பிழைதிருத்தி எல்லாவற்றையும் அவரே எழுதினார். ஒரு ஸ்டார் ஃபாக்ஸ் கார்ட்ரிட்ஜை மாற்றியமைத்து, கன்சோலின் இரண்டு கட்டுப்பாட்டுச் செருகுவாய்களிலிருந்தும் கம்பி இழுத்து அமிகாவின் இணைமுகத்தில் மாட்டி, அதன் வழியே நிரலை ஏற்றிச் சோதித்தார். அடுப்பு வாங்கக் காசில்லாமல் செங்கல் சூளை போட்ட மாதிரி. எனக்கு இந்தப் பகுதிதான் விளையாட்டைவிடப் பிடிக்கும்.

இப்போது திரைக்கு வருவோம். விளையாடியவர்கள் கவனித்திருப்பீர்கள், படத்தைச் சுற்றிக் கறுப்புச் சட்டம் ஒன்று இருக்கும். அது அலங்காரத்துக்கு வைத்ததில்லை. கணினியின் விஜிஏ திரையில் ஒரு புள்ளிக்கு ஒரு பைட். ஓர் எண்ணை எழுதினால் புள்ளி தெரியும், வேலை முடிந்தது. சூப்பர் நின்டெண்டோவுக்குப் புள்ளி என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் சேர்ந்த ஓடுகள் மட்டும். அந்த ஓட்டிலும் ஒரு புள்ளியின் எட்டு பிட்டுகள் ஒரே பைட்டில் இருக்காது, எட்டு அடுக்குகளில் சிதறிக் கிடக்கும். ஒரு புள்ளியின் நிறத்தை மாற்ற எட்டுப் பைட்டுகளில் கைவைக்க வேண்டும். அழகாக வரைந்த ஓடுகளை நகர்த்தி விளையாடும் விளையாட்டுகளுக்கு இது வரம், நொடிக்கு நொடி முழுத் திரையையும் புதிதாக வரையும் டூமுக்குச் சாபம். சூப்பர் எஃப்எக்ஸ் சிப்பில் இதற்கென்றே ஓர் ஆணை உண்டு: புள்ளியைக் கொடுத்தால் போதும், அதுவே எட்டெட்டாகச் சேர்த்துப் பிரித்து எழுதிவிடும்.

வரைந்த படத்தைக் கன்சோலின் திரை நினைவகத்துக்கு அனுப்ப வேண்டுமே, அங்கேதான் இறுக்கம். தொலைக்காட்சி ஒரு பிரேமை, அதாவது ஒரு முழுத் திரைப் படத்தை, வரைந்து முடித்து அடுத்ததைத் தொடங்கும் முன் கிடைக்கும் சின்ன இடைவெளியில் மட்டும்தான் அனுப்ப முடியும். ஓர் இடைவெளியில் ஏறத்தாழ 6 கிலோபைட் போகும். 216-க்கு 144 என்ற அளவில் ஒரு காட்சி என்றால் 31,104 பைட். ஐந்து இடைவெளி காத்திருந்தால்தான் ஒரு படம் போய்ச் சேரும். நொடிக்கு அறுபது இடைவெளி, அதை ஐந்தால் வகுத்துக்கொள்ளுங்கள், சிப் எவ்வளவு வேகமாக வரைந்தாலும் நொடிக்குப் பன்னிரண்டு படங்களுக்கு மேல் போகாது. அதனால்தான் சட்டம்: மேலேயும் கீழேயும் சில வரிகளைக் கறுப்பாக விட்டுவிட்டால், அந்த வரிகளுக்கான நேரத்தையும் படம் அனுப்பப் பயன்படுத்திக்கொள்ளலாம். அதோடு நிற்காமல் கிடைமட்டத்தில் ஒவ்வொரு புள்ளியையும் இரட்டித்துவிட்டார்கள். 216 என்று நான் சொன்னது உண்மையில் 108-தான். படம் கட்டம்கட்டமாகத் தெரிவதற்குக் காரணம் அது.

தரை. சுவரை வரைவதும் தரையை வரைவதும் ஒரே வேலை இல்லை. டூமின் சுவர்கள் எல்லாம் செங்குத்தானவை. திரையில் ஒரு செங்குத்துக் கீற்றை எடுத்துக்கொண்டால், அந்தக் கீற்று முழுவதும் சுவர் உங்களிடமிருந்து ஒரே தூரத்தில்தான் இருக்கிறது. தூரத்தை ஒருமுறை கணக்கிட்டால் போதும், மேலிருந்து கீழே படத்தை நீட்டியோ சுருக்கியோ இழுத்துவிடலாம். தரை அப்படியில்லை. அதில் ஒரே தூரம் இருப்பது கிடைவரியில், அந்த வரியிலும் ஒவ்வொரு புள்ளிக்கும் படத்தின் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இரண்டு கணக்கு நகர வேண்டும். எந்த அறையின் தரை எங்கே முடிகிறது என்ற வரம்பையும் தனியாகச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். தரையும் கூரையும் சேர்ந்தால் பல காட்சிகளில் திரையில் பாதி. ஆகவே தரையின் படத்தைத் துடைத்துவிட்டு ஒரே வண்ணப் பூச்சு. வருத்தம்தான், ஆனால் ஓடும்போது தரையைப் பார்ப்பவர் யார்? நான் பார்ப்பதில்லை.

அரக்கர்களின் முதுகு விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. கணினியில் ஒவ்வோர் அரக்கனும் எட்டுத் திசைகளில் தெரிய வேண்டும். பல உருவங்களில் வலப்பக்கத்தைப் புரட்டிப் போட்டு இடப்பக்கமாக்கினாலும் ஒவ்வோர் அசைவுக்கும் ஐந்து படங்கள் தேவை. இதை 2 மெகாபைட்டில் எங்கே வைப்பது? முன்பக்கத்தை மட்டும் வைத்தார்கள். எனவே எங்கிருந்து பார்த்தாலும் எல்லாரும் உங்களையே பார்க்கிறார்கள். இது அழகுக் குறை என்று பலர் எழுதுகிறார்கள், எனக்கு அது ஆட்டத்தின் குறை. கணினி டூமில் ஓர் அரக்கனின் நெருப்புருண்டை தவறி இன்னொருவன் மேல் பட்டால், அடிபட்டவன் திரும்பி அடித்தவனைப் பிடித்துக்கொள்வான். இருவரும் மோதிக்கொள்ள, நீங்கள் மூலையில் நின்று குண்டைச் சேமிக்கலாம். திரும்பவே தெரியாதவன் யாரை நோக்கித் திரும்புவான்? அந்தத் தந்திரமே சூப்பர் நின்டெண்டோவில் இல்லாமல் போனது.

இவ்வளவும் போனால் மிச்சம் என்ன என்று கேட்பீர்கள். வரைபடம் மிச்சம். இதைத்தான் நான் சாதனை என்று சொன்னேன். மொத்தம் 27 நிலைகளில் 22 இருக்கின்றன, இருக்கிற நிலைகளின் அறைகளும் படிகளும் திருப்பங்களும் கணினியில் இருந்தபடியே இருக்கின்றன. பலம் அதிகமான அட்டாரி ஜாகுவார் கன்சோலுக்கு டூமின் முதன்மை நிரலாளர் ஜான் கார்மாக்கே 1994-இல் போர்ட் செய்தார். படம் நன்றாக இருக்கும், ஆனால் நிலைகளின் வடிவங்களை எளிமையாக்கினார்கள். அங்கே ஒலிக்கான செயலியைக் கணக்கு வேலைக்கு இழுத்துவிட்டதால் விளையாடும்போது இசையும் கிடையாது. சேகாவின் 32எக்ஸில் 17 நிலைகள்தான், அங்கேயும் அரக்கர்களுக்கு முதுகில்லை. சூப்பர் நின்டெண்டோவிலோ ஒலிக்குத் தனிச் செயலியும் தனியாக 64 கிலோபைட்டும் உண்டு, அதைப் படம் வரைய யாராலும் இழுக்க முடியாது. அதனால் இசை தப்பித்தது, நன்றாகவும் இருக்கிறது. பலவீனமான இயந்திரத்தில் இசை, பலமானதில் மௌனம்.

3டிஓ என்ற இன்னொரு கன்சோலுக்கு டூம் போன கதையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ரெபெக்கா ஹைன்மன் ஒருவராகப் பத்தே வாரத்தில் அதை முடிக்க வேண்டியிருந்தது. இயந்திரம் போதும், நாள்தான் போதவில்லை.

கேள்வியில் இல்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் போக மனமில்லை. அறைகளை முன்கூட்டியே பிரித்து மரம்போல அடுக்கி வைத்து, அருகில் இருப்பதிலிருந்து தொலைவில் இருப்பது வரை வரிசையாக வரையும் பிஎஸ்பி என்ற முறை டூமின் முதுகெலும்பு. 1980-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் வந்த உத்தி அது. கார்மாக் அதை முதலில் பயன்படுத்தியது டூமில் இல்லை. ஐடி சாஃப்ட்வேரின் முந்தைய விளையாட்டான வுல்ஃபென்ஸ்டைன் 3டி-யைச் சூப்பர் நின்டெண்டோவுக்குக் கொண்டுபோகும்போது பழைய முறை மிக மெதுவாக இருந்ததால் அங்கே கையாண்டார், பிறகு டூமுக்கு எடுத்துப் போனார். சின்ன இயந்திரத்தின் நெருக்கடியில் கற்றதைப் பெரிய இயந்திரம் வாங்கிக்கொண்டது. அதே டூம் 1995-இல் திரும்ப அந்தச் சின்ன இயந்திரத்துக்கே வந்தது.

விளையாட்டைச் சேமிக்க வழியில்லையே என்று பின்குறிப்பாகக் கேட்டிருக்கிறீர்கள். கடவுச்சொல்கூடக் கிடையாது, உண்மைதான். கார்ட்ரிட்ஜில் கடைசியில் மிஞ்சியது பதினாறு பைட் அளவுக்குத்தான் என்று லிண்டனே பின்னர் சொல்லியிருக்கிறார். ஆனால் தொலைபேசி வழியே இருவர் மோத எக்ஸ்பேண்ட் மோடம் வசதியை உள்ளே வைத்திருந்தார். சேமிப்பை விட்டுவிட்டு மோடத்தை வைத்ததை நான் ஏற்கவில்லை.

இதை விளையாடலாமா? டூமை முதன்முதலாக விளையாடப் போகிறவர்களுக்கு வேண்டாம். ஏற்கனவே மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் கட்டாயம் ஒருமுறை பாருங்கள். 2020-இல் லிண்டன் மூலநிரலை வெளியிட்டுவிட்டார், அசெம்பிளி நிரல்மொழி படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது புதையல். 2024-இல், இன்னும் வேகமான சிப்போடு விடுபட்ட நிலைகளையும் சேர்த்த புதிய கார்ட்ரிட்ஜ் ஒன்றும் அறிவிக்கப்பட்டது, அதிலும் அவரே வேலை செய்தார்.

ஒப்பிட்டுப் பார்க்க முதல் நிலையே போதும். கணினியில் ஒருமுறை கண்ணைத் திறந்துகொண்டு ஓடுங்கள்: தொடக்க அறை, படிகள், பச்சைக் குட்டையின் நடுவே வளைந்து வளைந்து போகும் நடைபாதை, வெளியேறும் கதவு. பிறகு சூப்பர் நின்டெண்டோவில் அதே கைப்பழக்கத்தில் ஓடிப் பாருங்கள். படம் மங்கல், தரை வெறும் பூச்சு, நொடிக்குப் பத்துப் பிரேம் வந்தால் பெரிது. ஆனால் எந்தத் திருப்பத்திலும் உங்கள் கை தடுமாறாது.