இசைத்தட்டில் இல்லாத பெயர்கள்

எல்லோருக்கும் வணக்கம். பழைய இந்திப் பாட்டு என்று ஆரம்பித்தால் லதா, ரஃபி, கிஷோர் என்று குரல்களைப் பற்றியே மணிக்கணக்கில் பேசிவிடுவோம். ஆனால் அந்தக் குரல்களுக்கே பெயர் கிடைக்காத காலம் ஒன்று இருந்தது, அங்கிருந்து தொடங்குகிறேன்.

1949இல் 'மஹல்' படம் வந்தது. 'ஆயேகா ஆனேவாலா' பாட்டைக் கேட்டு மயங்கியவர்கள் இசைத்தட்டை வாங்கிப் பார்த்தால், பாடியவர் 'காமினி' என்று போட்டிருந்தது. காமினி என்பது படத்தில் மதுபாலா நடித்த பாத்திரத்தின் பெயர்! யார் இந்தப் பெண் என்று நேயர்கள் ரேடியோவைக் கேட்டுத் துளைத்த பிறகுதான் லதா மங்கேஷ்கர் என்ற பெயர் வெளியே வந்தது. தூரத்திலிருந்து குரல் நெருங்கி வருவதுபோல் இருக்க வேண்டும் என்று, மைக்கை விட்டுத் தள்ளி நின்று ஆரம்பித்து, நடந்து வந்துகொண்டே அந்த முதல் வரிகளைப் பாடியிருக்கிறார். அவ்வளவு பாடுபட்டவருடைய பெயர் தட்டில் இல்லை. இசையமைத்த கேம்சந்த் பிரகாஷ் அடுத்த வருடமே இறந்துபோனார், அந்தப் பாட்டின் புகழை முழுசாகப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அப்புறம் நம் ஏவிஎம் எடுத்த 'சோரி சோரி' படத்துக்கு இசையமைத்ததற்காக சங்கர்-ஜெய்கிஷன் இரட்டையருக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தபோது, விழாவில் 'ரசிக் பல்மா' பாட லதாவை அழைத்தார்கள். பாடியவருக்கும் எழுதியவருக்கும் விருது இல்லாத மேடையில் நான் எதற்குப் பாட வேண்டும் என்று மறுத்துவிட்டார். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்தது இதனால்தான், ஏனென்றால் கவிஞர்களுக்கும் சேர்த்துத்தான் கேட்டார். 1959இல் இரண்டு விருதுகளும் வந்தன, பாடகருக்கான முதல் விருது 'மதுமதி' படப் பாட்டுக்காக லதாவுக்கே போனது, எழுத்துக்கான முதல் விருது ஷைலேந்திராவுக்கு.

சரி, வாத்தியம் வாசித்தவர்கள்? நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது இவர்களைப் பற்றித்தான். போர்ச்சுகீசியர் ஆண்ட கோவாவில் தேவாலயப் பள்ளிகளிலேயே பிள்ளைகளுக்கு வயலினும் மேற்கத்திய இசைக்குறிப்பும் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படிப் படித்தவர்கள் பம்பாய்க்கு வந்து ராத்திரி ஹோட்டல்களில் ஜாஸ் வாசித்தார்கள், பகலில் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டைச் சொல்ல, எந்த வாத்தியம் எங்கே எதை வாசிக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக்கொடுத்தவர் அரேஞ்சர். சங்கர்-ஜெய்கிஷன் பாட்டுகளில் பாடகரின் குரலுக்குப் பின்னால் வயலின்கள் வேறொரு மெட்டில் ஓடிக்கொண்டே இருக்குமே, அது செபாஸ்டியன் டிசூசாவின் கைவேலை. இசைத்தட்டில் அவர் பெயரைத் தேடாதீர்கள், இருக்காது.

'மை நேம் இஸ் ஆண்டனி கொன்சால்வெஸ்' என்று அமிதாப் ராட்சத முட்டைக்குள்ளிருந்து வெளியே வந்து ஆடுவாரே, 1977இல் 'அமர் அக்பர் ஆண்டனி' படத்தில், அந்தப் பெயரைச் சிரிப்புக்காக வைத்தார்கள் என்றுதான் பல பேர் நினைக்கிறார்கள். கோவாவின் மஜோர்டா ஊர்க்காரரான ஆண்டனி கொன்சால்வெஸ் நிஜ மனிதர், வயலின் மேதை. அந்தப் பாட்டுக்கு இசையமைத்த லக்ஷ்மிகாந்த்-பியாரேலால் இரட்டையரில் பியாரேலாலுக்கு வயலின் சொல்லிக்கொடுத்த குரு. ராகங்களை வைத்து சிம்பொனி எழுதி, லதாவையும் மன்னா டேயையும் மேடையில் பாட வைத்தவர். பாட்டுக்கு நடுவே சிஷ்யன் குருவுக்குக் கோயில் கட்டிவிட்டான், ஊரே ஆடியது, யாருக்கென்று தெரியாமலே.

மெல்லிசைக் கச்சேரி நடத்துகிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். 'ரூப் தேரா மஸ்தானா' பாடும்போது அந்த அக்கார்டியன் கெர்சி லார்ட் வாசித்தது என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் பாடுங்கள், ஐந்து விநாடிகூட ஆகாது.

இப்போது 'காஷ்மீர் கி கலி' படத்திலிருந்து 'ஹை துனியா உஸீ கி' போடச் சொல்லியிருக்கிறேன். ரஃபி குரல், ஓ.பி. நய்யார் இசை, இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். சாக்ஸபோன், மனோஹாரி சிங். ரஃபி மூச்சு விடும் இடத்திலெல்லாம் அவர் வந்து நிரப்புவார், அதைக் கவனித்துக் கேளுங்கள்.