பட்டாணிச் செடியிடம் கேட்ட கேள்வி

இளம் நேயர்களுக்கும் அவர்களுடன் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம். குழந்தை பிறந்த வீட்டில், மூக்கு அப்படியே பாட்டியை உரித்து வைத்திருக்கிறது என்று பேசிக்கொள்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒரு தலைமுறையில் காணாத சாயல் அடுத்த தலைமுறையில் எப்படி வருகிறது? இதற்கு விடை தேடுபவர் நிறைய எண்ண வேண்டும். அடுத்த தலைமுறை வளரும்வரை காத்திருந்து அதையும் எண்ண வேண்டும். இவ்விரண்டையும் நெடுங்காலம் செய்தவர் கிரகோர் மெண்டல் என்ற கிறிஸ்தவத் துறவி.

இன்றைய செக் நாட்டிலுள்ள புர்னோ நகர மடத்தின் தோட்டத்தில், 1856 முதல் 1863 வரை அவர் பட்டாணிச் செடிகளை வளர்த்தார். மூக்கின் வடிவத்தைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிப்பதால் அதில் ஒழுங்கைக் காண்பது கடினம். பட்டாணி விதையோ உருண்டையாக இருக்கும், அல்லது சுருங்கியிருக்கும். மகரந்தப்பைகள் முதிர்வதற்கு முன்பே மொட்டைத் திறந்து, அவற்றை இடுக்கியால் நீக்கி, வேறு செடியின் மகரந்தத்தைச் சூலகமுடியில் வைத்து, அயல் மகரந்தம் வந்து சேராதபடி அவர் பூவை உறையிட்டு மூடினார். இதையெல்லாம் தொடங்கும் முன்னரே, தாம் தேர்ந்த வகைகள் தலைமுறை மாறினாலும் குணம் மாறாதவைதாமா என்று இரண்டு ஆண்டுகள் சோதித்தார் என்பதை இளையோர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

உருண்டை வகையையும் சுருங்கிய வகையையும் கலந்தபோது கிடைத்த விதைகள் எல்லாமே உருண்டையாக இருந்தன. அவற்றை விதைத்து, தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டபோது, ஒரே காய்க்குள் இருவகை விதைகளும் தோன்றின. 253 செடிகளிலிருந்து கிடைத்த 7,324 விதைகளில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. மறைந்திருந்த பண்பு சற்றும் நீர்த்துப்போகாமல் திரும்பியிருந்தது.

ஆனால் தனிச் செடிகளைப் பாருங்கள். ஒரு செடியில் 43 உருண்டை, இரண்டே சுருங்கியவை. மற்றொன்றில் 14 உருண்டை, 15 சுருங்கியவை. அந்த ஒரு செடியோடு நின்றிருந்தால் எந்த ஒழுங்கும் புலப்பட்டிராது. ஆகையால்தான் நிறைய எண்ண வேண்டும் என்றேன். வீட்டில் இரண்டு நாணயங்களைச் சேர்த்துச் சுண்டிப் பாருங்கள்: நான்கு முறை சுண்டினால், இரண்டிலும் பூ விழுவது ஒருமுறைகூட நிகழாமல் போகலாம்; நானூறு முறை சுண்டினால் அது நூறையொட்டி வரும். கலப்புச் செடியும் தன்னிடமுள்ள உருண்டை, சுருக்கம் என்ற இரண்டு காரணிகளில் (இன்று மரபணு என்கிறோம்) ஒன்றை மட்டுமே, தற்செயலாக, ஒவ்வொரு மகரந்தத்துக்கும் சூலுக்கும் தருகிறது. இரண்டிலும் சுருக்கக் காரணியே வந்து சேர்ந்தால்தான் விதை சுருங்கும்; இரண்டு நாணயங்களிலும் பூ விழுவதுபோல, அது நான்கில் ஒரு முறை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. உருண்டை விதைகள் எல்லாம் உள்ளுக்குள்ளும் ஒன்றுதானா என்று மெண்டல் கேட்டார். கண்ணால் பார்த்து அறிய வழியில்லை. எனவே அவ்விதைகளிலிருந்து 565 செடிகளை வளர்த்தார். 193 செடிகள் உருண்டை விதைகளை மட்டுமே தந்தன. 372 செடிகள் இருவகையும் தந்தன, ஏறத்தாழ ஒன்றுக்கு இரண்டு. ஒரு விதைக்குள் மறைந்திருப்பதை அதன் சந்ததியே காட்டிக்கொடுத்தது. ஆகையால்தான் காத்திருக்கவும் வேண்டும் என்றேன்.

நேரம் குறைவாக உள்ளதால் மனிதர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெண்டல் 1865-இல் சொன்னதை உலகம் உணர்ந்தது 1900-இல். அதன் பிறகு ஆய்வாளர்கள் பல குடும்பங்களின் வம்சாவளியைத் திரட்டி ஒப்பிட்டார்கள். சிவப்பு-பச்சை நிறக்குருடு உள்ள தந்தை அதைத் தம் மகனுக்குத் தருவதில்லை. மகள் பெரும்பாலும் நிறங்களைச் சரியாகவே காண்பாள். அவளுடைய மகன்கள் ஒவ்வொருவருக்கும் அது வருவதற்குப் பாதி வாய்ப்பு உண்டு. இந்த வழித்தடம் பல குடும்பங்களில் திரும்பத் திரும்பத் தென்பட்டதால், அந்த மரபணு, தந்தை மகளுக்கு மட்டுமே தரும் எக்ஸ் குரோமோசோம் என்ற மரபணுத் தொகுப்பில் இருக்கிறது என்று கண்டறிந்தார்கள். வணக்கம்.