விமான டயர் குடும்பங்களைத் தாங்கியது பதிவேடே: பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் நிறைந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தேய்ந்த விமான டயர்களுக்குப் புது ரப்பர் ஏற்றும் ரீட்ரெடிங் தொழிலில் ஒரு குடும்பம் மூன்று தலைமுறை நிலைத்து நிற்கிறது என்றால், அதற்குக் காரணம் குடும்பப் பாசமா, எழுதி வைத்த பதிவும் சோதனையுமா? இதுதான் இன்றைய கேள்வி. எனக்கு முன்னால் பேசிய சகோதரி பாசத்தின் பக்கம் நின்று உருக்கமாகப் பேசினார். தாத்தா டயரைத் தட்டிப் பார்த்தே உள்ளே இருக்கும் கோளாறைச் சொல்லிவிடுவாராம். அந்தக் கைப்பக்குவம் மகனுக்கு வந்ததாம், மகனிடமிருந்து பேத்திக்கு வந்ததாம், அதுதான் கம்பெனியாம். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். ஆனால் தாத்தா தட்டிப் பார்த்த அந்த டயர் அடுத்து எங்கே போய் மாட்டப்படுகிறது என்பதைச் சகோதரி சொல்லவே இல்லை, நடுவர் அவர்களே. அதை நான் சொல்கிறேன்.

விமானம் இறங்குகிறது. தரையைத் தொடும் வரை சக்கரம் சுழலவில்லை. தொட்ட கணத்தில், கண்மூடித் திறப்பதற்குள், மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்துக்குத் தரை அதை இழுத்துச் சுழற்றுகிறது. சக்கரத்தடியில் குபுக்கென்று புகை எழுவதைப் பார்த்திருப்பீர்கள், அது அந்த இழுப்பில் தீய்ந்த ரப்பர். டயருக்குள் சுமார் 200 பிஎஸ்ஐ அழுத்தம், கார் டயருக்கு நாம் அடிப்பதைப் போல ஆறு மடங்கு. பெரிய ஜெட் விமானத்தில் ஒரே ஒரு டயர் 20 டன்னுக்கு மேல் சுமக்கிறது. போயிங் 747-க்கு இப்படி 18 டயர்கள். சில நூறு தரையிறக்கங்களில் தரையில் உரசும் மேல் ரப்பரான ட்ரெட் தேய்ந்துபோகிறது. ஆனால் உள்ளே நைலான் இழைகளை அடுக்கடுக்காக வைத்துக் கட்டிய கேசிங் உறுதியாகவே இருக்கிறது. தேய்ந்ததைச் சுரண்டி எடுத்து, புது ரப்பர் ஏற்றி, மோல்டில் வைத்து வேகவைத்து, திரும்பவும் ஓடுபாதைக்கு அனுப்புவதுதான் இந்தத் தொழில். ஒரே டயர் பல முறை இப்படிப் போய் வரும். இது பழைய டயரை ஒப்பேற்றுகிற வேலை என்று யாராவது நினைத்திருந்தால் தயவுசெய்து அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். உலகமெங்கும் விமான நிறுவனங்கள் அன்றாடம் நம்பி ஓட்டுகிற டயர்கள் இவை.

சரி, வரலாற்றுக்கு வருவோம். எதிரணி வரலாற்றைத்தான் பெரிய ஆயுதமாக எடுத்துக்கொண்டது.

ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் அது உறுதிப்படும் என்று சார்லஸ் குட்இயர் கண்டது 1839-ல். காற்றடைத்த டயரை டன்லப் கொண்டு வந்தது 1888-ல். இந்த இரண்டும் இல்லாமல் இந்தத் தொழிலே இல்லை. அமெரிக்காவில் ரீட்ரெடிங் குடும்பம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், பல குடும்பங்களுக்குப் பொதுவான கதை. தாத்தா கார், லாரி டயர்களில் தொடங்குகிறார். 1942-ல் மலாயாவையும் டச்சு கிழக்கிந்தியாவையும் ஜப்பான் பிடித்துக்கொள்கிறது. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் ஏறத்தாழ 90 விழுக்காடு அடைபட்டுப்போகிறது. அந்த மலாயாத் தோட்டங்களில் விடியலுக்கு முன் எழுந்து பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம் தமிழர்கள் என்பதை இந்த மேடையில் சொல்லாமல் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. அமெரிக்காவில் போர்க்காலப் பங்கீட்டுக்கு முதலில் வந்த பொருளே டயர்தான். புது டயர் கிடைக்காத நாட்டில் பழைய டயருக்கு உயிர் கொடுக்கத் தெரிந்தவனுக்கு மதிப்பு கூடாமல் இருக்குமா? போர் முடிந்ததும் உபரி விமானங்கள் தனியார் கைக்கு வந்தன. கார் டயரோடு விமான டயரும் பட்டறைக்குள் நுழைந்தது.

இதுவரை எதிரணி சொன்னது சரி. தாத்தாவின் துணிச்சல், தாத்தாவின் உழைப்பு. தலைவணங்குகிறேன்.

ஆனால் 1958-ஐப் பாருங்கள். போயிங் 707 பயணிகள் சேவைக்கு வருகிறது. எஃப்ஏஏ என்ற அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்புக்குச் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். ஜெட் வந்தவுடன் எடையும் வேகமும் சூடும் ஏறின. தாத்தாவின் விரல் முட்டிக்குப் பழக்கமான டயர் வேறு, இப்போது மேஜைக்கு வந்திருக்கிற டயர் வேறு. இந்த இடத்தில் மகன் என்ன செய்திருக்க வேண்டும்? "எங்கப்பா கை பட்டாலே போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் உரிமம் கிடைக்குமா? பழுதுபார்ப்பு நிலையம் என்ற சான்றிதழ் வேண்டுமென்றால் தரக்கட்டுப்பாட்டுக் கையேடு வேண்டும். செய்த வேலைக்குப் பதிவு வேண்டும், அதைக் குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும். யார் யார் சோதிக்கிறார்கள், யாருக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் என்று பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியலில் தகுதி கேட்கிறார்கள், அனுபவம் கேட்கிறார்கள். யாருடைய பிள்ளை என்று கேட்பதற்கு அதில் இடமே கிடையாது, நடுவர் அவர்களே.

ஒரு டயர் பட்டறைக்குள் என்னென்ன தாண்டி வருகிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். சொல்லப்போனால் அது பட்டறைக்கு வரும் முன்பே தொடங்கிவிடுகிறது. சக்கரத்தில் காற்று இருக்கும்போதே மெக்கானிக் ட்ரெட்டில் உள்ள வெட்டுகளைச் சுற்றிக் கிரேயானால் குறியிட வேண்டும். ஏன் தெரியுமா? காற்று இறங்கியதும் வெட்டின் வாய் மூடிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு தேர்ந்த கண்ணுக்கும் அது எளிதில் அகப்படாது. அந்தக் குறி ஒரு எழுத்து. ஒரு மனிதன் தான் பார்த்ததை, முன்பின் பார்த்திராத இன்னொரு மனிதனுக்குச் சொல்லி அனுப்பும் எழுத்து. எங்கள் அணியின் வாதம் முழுவதும் அந்தக் கிரேயான் வட்டத்துக்குள் இருக்கிறது.

பட்டறையில் டயரை விரித்துப் பிடித்து, விளக்கை உள்ளே விட்டு, சக்கரத்தைப் பற்றும் விளிம்பான பீட் ஒன்றிலிருந்து மறு பீட் வரை தடவிப் பார்க்கிறார்கள். அதிவேக டயர் என்றால் கண்ணும் கையும் போதாது. ஊசி வழியாக அழுத்தக் காற்றை இழை அடுக்குகளுக்குள் செலுத்தினால், அடுக்கு விட்டுப்போன இடம் புடைத்துக் காட்டும். இப்போது அதற்கு மேலே ஷியரோகிராஃபி வந்திருக்கிறது. டயரை ஒரு அறைக்குள் வைத்து, காற்றை உறிஞ்சி, லேசர் ஒளியில் முன்னும் பின்னும் படமெடுத்து ஒப்பிடுகிறார்கள். உள்ளே அடுக்கு பிரிந்திருந்தால் அங்கே சிக்கியிருக்கும் காற்று உப்பி, படத்தில் வளையமாகத் தெரியும். தாத்தாவின் விரல் எவ்வளவு புனிதமானதாகவே இருக்கட்டும், அத்தனை அடுக்கு நைலானுக்கு அடியில் இருக்கும் சின்னப் பிரிவை அது கேட்காது. கேட்கும் என்று நம்பி முந்நூறு பேரை ஏற்றி அனுப்ப எதிரணி தயாரா?

தேய்ந்ததைச் சுரண்டும் பஃபிங் முடிந்து, புது ரப்பர் ஏறி, வேகவைக்கும் கியூரிங் ஆகி வெளியே வருகிற டயரின் பக்கச்சுவரில் ஆர் என்ற எழுத்தும் எத்தனையாவது ரீட்ரெட் என்ற எண்ணும் பதிகிறது. எந்த மாதம், எந்த ஆண்டு, எந்த நிறுவனம் என்பதும் பதிகிறது. இன்னும் ஒரு முறை கூடுதலாக ரீட்ரெட் செய்யலாமா என்பதை நினைத்தபடி முடிவு செய்ய முடியாது. சோதித்து, ஆதாரம் வைத்து, படிப்படியாகத்தான் ஏற வேண்டும். டயரின் வரலாறு டயரின் மேலேயே எழுதியிருக்கிறது. குடும்பத்தின் வரலாறு எழுதப்பட்டிருப்பதும் அங்கேதான்.

எதிரணி கேட்கலாம்: இவ்வளவு எழுத்து எதற்கு, அனுபவசாலியின் கண் போதாதா? 1991 ஜூலை 11-ஆம் தேதி ஜெட்டாவில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். இது ரீட்ரெடிங் செய்தவர்கள் மேல் விழுந்த பழி அல்ல, டயர்க் காற்றின் கதை. டிசி-8 விமானம், ஹஜ் பயணிகளோடு கிளம்ப நின்றது. டயர்களில் அழுத்தம் குறைவாக இருப்பது தரையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. நிரப்பாமலே விமானம் கிளம்பியது. அழுத்தம் குறைந்த டயரின் சுமை பக்கத்து டயர் மேல் ஏறியது. டயர்கள் உடைந்து, உரசித் தீப்பிடித்து, அந்தத் தீ சக்கரத்தோடு விமானத்தின் வயிற்றுக்குள் போனது. 261 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கண் பார்த்தது, நடுவர் அவர்களே! கண் சரியாகத்தான் பார்த்தது. பார்த்த கண்ணுக்கு விமானத்தை நிறுத்தும் அதிகாரம் இல்லாமல் போனது.

இன்னொன்று, 1986 மார்ச் 31. மெக்சிகோவில் போயிங் 727. பிரேக் சூடேறி, நைட்ரஜனுக்குப் பதிலாகச் சாதாரணக் காற்று அடைத்த டயர் நடுவானில் வெடித்து, 167 பேர் இறந்தார்கள். அதற்குப் பின் என்ன வந்தது? இன்னும் கவனமாக இருங்கள் என்ற அறிவுரையோடு விட்டுவிட்டார்களா? பெரிய விமானங்களில் பிரேக் உள்ள சக்கரங்களின் டயருக்குள் ஆக்சிஜன் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று எழுத்தில் விதி வந்தது. இறந்தவர்களுக்கு நாம் செய்த மரியாதை அந்த ஒரு வரி. அதை அப்பா சொல்லிக் கொடுத்தாரா என்பதைப் பொறுத்தா ஒரு பட்டறை கடைப்பிடிக்க வேண்டும்?

எதிரணியின் மிக வலுவான வாதத்தை நான் ஒதுக்கிவிட்டுப் போக விரும்பவில்லை. "குடும்பப் பெயர் கெட்டுவிடும் என்ற பயம்தான் அவர்களைச் சரியாக வேலை செய்ய வைக்கிறது, சம்பளத்துக்கு வந்தவனுக்கு அந்தப் பயம் எங்கே?" என்றார் சகோதரி. இதைக் கேட்டு என் மனம் உண்மையாகவே வருந்தியது. மோல்டின் சூட்டில் நின்று, பஃபிங் தூசியில் வாழ்நாளைக் கழித்தவர்களில் எத்தனை பேர் முதலாளி வீட்டுப் பிள்ளைகள்? சிலர்தான். மற்ற எல்லோரும் நீங்கள் சொன்ன அந்தச் சம்பளத்துக்கு வந்தவர்கள். அந்தத் தொழிலாளியின் கையெழுத்து பதிவுத் தாளில் இருக்கிறது. முதலாளியின் கையெழுத்துக்கு எவ்வளவு கனமோ அவ்வளவு கனம் அதற்கும் உண்டு. பாசத்தின் வழியாகப் பார்த்தால் அவர் வெளியாள். பதிவேட்டின் வழியாகப் பார்த்தால் அவர் அந்த வரலாற்றின் பாதி.

குடும்பத்துக்குள்ளும் வாருங்கள். பேத்தி சோதனை மேஜையில் நிற்கிறாள். தாத்தா காலத்திலிருந்து வரும் வாடிக்கையாளரின் டயர். படத்தில் வளையம் தெரிகிறது. அப்பா பக்கத்தில் நின்று, "சின்னதுதானேம்மா, அவங்க நமக்கு எவ்வளவு செஞ்சிருக்காங்க" என்கிறார். பாசம் இந்த இடத்தில் யார் பக்கம் பேசும்? அப்பா பக்கம்தான் பேசும். அந்தப் பெண் அப்பாவை மீறி, "இது போகாதுப்பா" என்று சொல்ல அவளுக்குத் துணையாக நிற்பது கையேட்டில் உள்ள அளவு. அளவு இருப்பதால் அவள் அப்பாவை அவமதித்தவள் ஆகவில்லை, தன் வேலையைச் செய்தவள் ஆகிறாள். மூத்தவர் பேச்சை மீறத் தயங்கும் வீட்டில் வளர்ந்த யாருக்கும் இதன் அருமை தெரியும். அன்றிரவு அந்தக் குடும்பம் மனக்கசப்பு இல்லாமல் ஒன்றாக உட்கார முடிகிறது என்றால், பாசத்தையும் சேர்த்துக் காப்பாற்றியது பதிவேடுதானே?

மூன்றாம் தலைமுறைக்கு வந்த சோதனையையும் சொல்லிவிடுகிறேன். 1981-ல் மிஷெலின் விமானத்துக்கு ரேடியல் டயரைக் கொண்டு வந்தது. இழை ஓடும் திசை வேறு, கட்டுமானம் வேறு, எடை குறைவு. இழை குறுக்குச் சாய்வாக ஓடும் பழைய பயஸ் டயரில் ஊறிய குடும்ப ஞானம் அந்த டயருக்கு அப்படியே பொருந்தாது. புதிதாகப் படித்து, புதிதாக அளந்து, புதிதாக எழுதினால்தான் உண்டு. "எங்கள் வீட்டில் இப்படித்தான் செய்வோம்" என்ற சொல் அங்கே உதவி இல்லை, தடை.

கடைசியாக ஒரு உண்மை நிறுவனத்தைச் சொல்கிறேன். டெஸ்ஸர், 1920-ல் தொடங்கிய டயர் நிறுவனம், விமான டயர் ரீட்ரெடிங்கில் பலரும் அறிந்த பெயர். 2023-ல் விஎஸ்இ என்ற நிறுவனம் அதை வாங்கியது. நூறு ஆண்டு கடந்த நிறுவனத்தின் உரிமை கைமாறியது. எதிரணியின் வாதப்படி, தொழிலின் உயிர் உரிமையாளரின் இரத்தத்தில் இருந்தால், விற்றவரோடு அந்த உயிரும் வெளியே போயிருக்க வேண்டும். வாங்கியவர்கள் எதை நம்பிப் பணம் கொடுத்தார்கள்? சான்றிதழ்களை, சோதனை முறைகளை, அந்த மேஜைகளில் நிற்கும் தேர்ந்த மனிதர்களை. விலைக்கு வாங்க முடியாத பாசத்தை நம்பி யாராவது காசோலை எழுதுவார்களா?

சகோதரி மறுப்புரைக்கு வரும்போது ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். நாளை காலை தணிக்கைக்கு அதிகாரி வருகிறார். ஒரு டயரின் வரிசை எண்ணைச் சொல்லி, எந்தத் தொகுதி ரப்பர் ஏறியது, எத்தனை நிமிடம் வெந்தது, யார் பார்த்து அனுப்பினார்கள் என்று கேட்கிறார். அந்த நேரத்தில் குடும்பத்தார் அலமாரியைத் திறந்து எதை எடுத்து நீட்டுவார்கள்? அதைச் சொல்லட்டும், தீர்ப்பை நடுவர் அவர்கள் எழுதட்டும். நன்றி, வணக்கம்.